திறக்கக் கூடாத ஜாடி

ஒருவர் வயிற்றில் சீழ் பிடித்தால் முதலில் தரை துடைப்பவளைச் சந்தேகிப்பது எந்த ஊர் அறிவியல், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆபரேஷன் தியேட்டரைத் துடைத்த பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவளுடைய தங்கை அதே மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பவள். எதற்கெடுத்தாலும் "பொறு" என்பதால் அங்கே அவள் பெயர் பொறுமைப்பெட்டி. அன்று அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை.

நிர்வாகியின் நியாயம் இது: துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில் வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயு செலுத்துகிறார்கள், அதில் வயிற்றுக்குள் இருக்கும் கிருமி பிழைக்காது, ஆகவே சீழ் வெளியிலிருந்து, தரை அழுக்கால் வந்ததுதான்.

தங்கை அந்தச் சீழை இரண்டு தட்டுகளில் தடவியிருந்தாள். காற்றில் வைத்த தட்டில் எதுவும் முளைக்கவில்லை. மற்றது ஆக்சிஜன் இல்லாத ஜாடிக்குள், இறுக மூடிக் கிடந்தது.

"இன்னும் எத்தனை நேரம்மா அடைகாப்பே? தொற," என்றார் நிர்வாகி.

"இப்பத் தொறந்தா உள்ள காத்து பூந்துடும் சார். வளர்றது செத்துடும். அப்புறம் ஒண்ணுமில்லேன்னு நீங்களே முடிச்சிடுவீங்க." அவள் கை மூடியை அழுத்திக்கொண்டிருந்தது.

"வயித்துல விட்ட கேஸ்ல எதுதான் பொழைக்கும்?"

"யார் சொன்னா பொழைக்காதுன்னு?" வாசலில் நின்ற அறுவை மருத்துவர் கேட்டார். "அந்த கேஸ் சில கிருமியை மந்தமாக்கும், கொன்னுடாது. குடல்ல இருக்கறதுல பலதுக்குக் காத்துதான் எமன். ஜாடியைத் தொடாதீங்க."

குடல் கிருமி முளைத்தால், தன் கருவிதான் குடலைக் கீறியிருக்கும் என்று மருத்துவருக்குத் தெரியும்.

நிர்வாகி முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னடி, ஏதாச்சும் முளைச்சுதா?"

"பொறுக்கா."

"ஊர்ப்பட்ட கிருமியை வளர்க்கறே. எனக்குன்னு ஒண்ணு வளர்த்துக் குடுக்க மாட்டியா?" சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது.

தங்கை போனை வைத்துவிட்டு, ஜாடியைத் திறக்க வேண்டிய நேரத்தை அதன்மேல் எழுதி ஒட்டினாள். தரைக் கிருமியாகவே இருந்துவிட்டால்? அப்போதும் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

மறுநாள், உரிய நேரத்தில் மூடி திறந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. தட்டு முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். ஒரு நாற்றத்துக்காக அவள் அத்தனை மகிழ்ந்ததேயில்லை. சோதித்தாள்: காற்றுப் பட்டால் சாகும் குடல் கிருமிதான், தரையில் வாழ்வதில்லை.

கீறிய குடலைத் தைக்க, மருத்துவர் நோயாளியை மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோனார். நிர்வாகியோ, "உங்கக்கா விஷயமா? அப்புறம் பாக்கலாம்," என்று போனை எடுத்துக்கொண்டார்.

அக்கா இன்னும் மருத்துவமனை கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள். உங்கள் ஊர் மருத்துவமனையிலும் இப்படி ஒருத்தி நின்றால், உள்ளே போய், எந்தச் சோதனையை வைத்து நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.