ரூத் டீச்சர் வீட்டில் சொல்லக்கூடாத சொற்கள்

சகுனம், நிமித்தம், புள், விரிச்சி, உற்பாதம். வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று, ஒன்பதாம் வகுப்புப் பலகை நிறைய எழுதிப்போடுவார் ரூத் டீச்சர். காரியமாகப் புறப்படும்போது, யாரோ யாரிடமோ பேசும் நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அதற்குப் பேர் விரிச்சி என்று அவர் விளக்கும்போது, பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் எனக்கே கை நின்றுவிடும். மணி அடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டு, "இதெல்லாம் பரீட்சைக்குத்தான். வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்பார்.

நான் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிறவள். பத்தொன்பது வருஷமாக ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. "பூனைக்கு எம்புட்டு வேலை இருக்கோ பாவம், அது உங்களப் பாத்து நின்னுச்சா வாணி?" என்று கேட்டுக் கேட்டே என்னைக் கேலி செய்வார். எனக்குக் கோபம் வரும்.

அவருக்கு வாய்த்த கணவரோ என் கட்சி. எழுமலைப் பக்கம் ஊர், காளை என்று பேர், டீச்சரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்று ஜேசுராஜ் ஆனார். செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். பேர் மாறியதே தவிர, பல்லி சொன்னால் விரலால் மூன்று தட்டு தட்டுகிற பழக்கம் மாறவில்லை. விளாங்குடி வீட்டில் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால், குறி பார்ப்பது பாவம் என்கிற வசனத்தை உடனே ஒப்பிக்க வேண்டும். அந்த வீட்டில் வாயைத் திறக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். சபை மூப்பரைவிட அவருக்குத்தான் அது நல்ல மனப்பாடம் என்று டீச்சரே சொல்லிச் சிரிப்பார். சில நாள் வேண்டுமென்றே கொழகொழவென்று ஒப்பித்து வம்பு பண்ணுவாராம். டீச்சர் விடமாட்டார், திரும்பச் சொல்ல வைப்பார்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, காபி டம்ளர் ஜேசுராஜ் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கை தவறுது ரூத்து. என்னமோ மனசுக்குச் சரியாப் படல. இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்னு தோணுது."

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா? வசனத்தச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வழக்கமான வம்பு என்று டீச்சர் நினைத்தார். "முழுங்காமத் திரும்பச் சொல்லுங்க" என்றார். இரண்டாம் தடவை இன்னும் மோசமாக வந்தது. முதல் பீரியட் இருந்ததால் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இதை அன்று காலை ஸ்டாஃப் ரூமில் அவர் நடித்துக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

பதினொன்றரை மணிக்குத் தறி ஓரமாக அவர் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. டீச்சரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் பூனை போனதா, நாய் போனதா, ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பட்டறைக்கார ஜலால் பாய் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் அறிகுறி தெரிஞ்சுதாம்மா? கையில பிடிச்சது நழுவுறது, பேச்சுக் குழறுறது? அப்பவே வந்திருந்தா ஊசி போட்டு நிறைய காப்பாத்தியிருக்கலாம்."

ஜலால் பாய்தான் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வாரமாவே ஸ்பேனர் அண்ணே கையில நிக்கல டாக்டர். டீச்சர்ட்ட சொல்லுங்கண்ணேன்னு நானும் சொன்னேன். கை தவறுச்சுன்னு சொன்னா சகுனம் பாக்குறேன்னு வைவா, வசனம் ஒப்பிக்கணும், விடுப்பான்னுட்டாரு."

டீச்சர் என் கையைப் பிடித்தார். "காலையில சொன்னாரு வாணி. என்ட்ட சொல்லத்தான் செஞ்சாரு" என்றார்.

யார்மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டீச்சரைத் திட்டலாமென்றால், பூனைக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிற நான் அன்றைக்கு என்ன கிழித்தேன்? டம்ளர் விழுந்த கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் போனவள்தானே.

ஜேசுராஜ் பிழைத்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. டீச்சர் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு அவரோடே இருக்கிறார். தமிழ்ப் பாடம் எடுக்க இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். அந்த நாற்காலியைப் பார்க்காமலிருக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் விளாங்குடிக்குப் போயிருந்தேன். டீச்சர் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. அவருடைய கண் சுவரைத் தேடிப் போனது. உடனே டீச்சரைப் பார்த்தது, பயந்துகொண்டு. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அசையாத அந்த வலது கையை எடுத்து, மடங்கிக் கிடந்த விரலை நிமிர்த்தி, கட்டில் சட்டத்தில் மூன்று தட்டு தட்டினார்.

"எதுக்குச் சொல்லுதாம்? நல்லதுக்கா?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். கொழகொழவென்று என்னவோ வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சருக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காதை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"திரும்பச் சொல்லுங்க" என்றார். "மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."