கடல் பக்கத்து ஜன்னல்

திருச்சி போகும் வழியில் பெரம்பலூரில் இறங்கி, பிரவுசிங் சென்டரில் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கோவளத்தில் கடலைப் பார்த்த வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இது என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாய் கடற்கரை ஓட்டலில் வேலை பார்த்த கணவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்கும் இத்தா முடிந்து இன்றுதான் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறார். பாஸ்வேர்டு எழுதிய சீட்டை என்னிடம் நீட்டுகிறார்.

"அவங்க கடைசியா அனுப்புன மெயிலுங்க. தமிழ்தான், ஆனா இங்கிலீஷ் எழுத்து. படிச்சுச் சொல்றீங்களா?"

"வெள்ளிக்கிழமை பிரவுசிங் சென்டருக்கு வா, கேமராவுல கடலைக் காட்டுறேன்" என்று படிக்கிறேன்.

துப்பட்டியால் முகத்தைத் துடைக்கிறார்.

"கடல் எப்படிங்க இருக்கும்? நீங்க தெனமும் பாக்குறீங்கள்ல?"

வீட்டில் கம்ப்யூட்டரில் வெளிச்சம் அடிக்கிறது என்று, கடல் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதே இல்லை.