அம்மா உயரத்துக்கு வைத்த சீட்

கொழும்புக்கு வேலைக்கு வந்த புதிதில், கூட வேலைசெய்யும் பெண்ணின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கடற்கரை ரோட்டில் ஏறினேன். கொஞ்ச தூரம் உருண்டு நின்றுவிட்டது. ஏதோ பழுது என்று இறங்கிக் குனிந்து பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பெடலை மிதிக்கவே இல்லையாம்.

எப்படி மிதிப்பேன்? நோர்வூட் பக்கத்து மலையில் பிறந்தவள் நான். சைக்கிள் ஓட்டுவது என்றால் எங்களுக்கு மேலே தள்ளிக்கொண்டு போவது, அப்புறம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. நடுவில் மிதிக்கச் சமதரைக்கு எங்கே போவது?

அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் பைத்தியம் பிடித்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். நான் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் லயத்திலிருந்து, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, மலை உச்சிக் கோயில் வரைக்கும் ஒற்றைச் சைக்கிளை மாறி மாறித் தள்ளுவோம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரும்போது கண்மூடித் திறப்பதற்குள் லயம் வந்துவிடும். சைக்கிளுக்கு மலையைச் சுற்றிக் காட்டப் போகிறார்கள் என்று லயத்து ஆட்கள் கேலி செய்வார்கள்.

முறைவைத்து ஒருவர் ஓட்ட, மற்றவர் நடந்து வருவார். இறங்குவதில் அம்மாதான் கெட்டிக்காரி. அப்பா பயந்தாங்கொள்ளி, பிரேக் கட்டை கருகும் வாசனையோடுதான் வந்து சேர்வார். ஒருமுறை தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் சைக்கிளோடு விழுந்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். அம்மா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு மணி அடித்தபடி இறங்குவாள். அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டால் குளிர் தெரியாது. அம்மா குள்ளம். அதனால் சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தோம். நெட்டையான அப்பா அதில் முட்டியை மடக்கிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கச் சகிக்காது.

எனக்குப் பதினொரு வயதானபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டே வருஷம் என்றாள். அது ஐந்தாக நீண்டது. அதற்குள் நான் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டேன். ஞாயிறுகளில் நானும் அப்பாவும் மட்டும் தள்ளிக்கொண்டு போவோம். இறங்கும்போது என் முட்டி ஹேண்டிலில் இடிக்கும். சீட்டை உயர்த்தச் சொன்னால் அப்பா அசைந்து கொடுக்கமாட்டார்.

"அம்மா வந்தா கால் எட்டாது புள்ள. அப்படியே இருக்கட்டும்."

அம்மா போனில் பேசும்போதெல்லாம் சைக்கிள் மணியை அடித்துக் காட்டச் சொல்வாள். அடிப்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அப்படித்தான் கேட்கிறாள். நான் கொழும்பில் இருப்பதால் அப்பா அடித்துக் காட்டுகிறார். அவள் இல்லாத அந்த முதல் ஐந்து வருஷமும் எனக்கு அவள் முகத்தைவிட முதுகுதான் அதிகம் ஞாபகத்துக்கு வந்தது.

என் பதினாறாவது வயதில் இரண்டு மாத லீவில் வந்தாள். இனிப் போகாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கமா, என்னை விட்டுப் போனாளே என்ற கோபமா, தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிறு விடாமல், மழையிலும்கூட, எல்லோரையும் கிளப்பிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த இறக்கத்தின் ருசி திரும்ப ஒட்டிக்கொண்டால் அம்மா தங்கிவிடுவாள் என்று நம்பினேன். அவளும் முதல் ஞாயிறே பழையபடி மணி அடித்துக்கொண்டு இறங்கினாள். நான் கால் தரையில் இழுபடப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு, கோயில் வாசலில் அம்மா பைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அப்பாவுக்கும் சொல்லாமல் கொண்டுவந்திருக்கிறாள். குந்தி உட்கார்ந்து, துருப்பிடித்த நட்டைத் திருகி, சீட்டை என் உயரத்துக்கு ஏற்றினாள்.

"இனிமே நீ ஓட்டு. நான் மறுபடி வர எத்தன வருஷம் ஆகுமோ."

வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முதல்முறையாக முட்டி இடிக்கவில்லை. அந்தச் சுகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்து வந்தார்கள். நான் வழியெல்லாம் அழுதுகொண்டு, ஒரு வளைவில்கூட மணி அடிக்காமல் இறங்கினேன்.

புதன்கிழமை அம்மாவை நோர்வூட்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சைக்கிள் பக்கத்தில் குந்தினார். நட்டைத் தளர்த்தினார். சீட் ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் போய் அதை நேராகப் பிடித்து, அடிவரைக்கும் அழுத்தினேன்.

உனக்கு இடிக்குமே என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"இடிச்சா இடிக்கட்டும்ப்பா. இறுக்குங்க."