மருந்துக்காரர் வீட்டு அட்டை

ஊர்க் கரப்பானை எல்லாம் விரட்டுகிறவர் வீட்டில் மட்டும் கரப்பான்கள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன? அப்போது என்னைக் கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். அவருக்கே தெரியவில்லை.

இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிக்கிறவர் அவர். எங்கள் தெருவில் அவருக்கு மருந்துக்காரர் என்றே பெயர். மதியம் வீடு திரும்பினால், தண்ணீர்ச் செம்பின் மேல் ஒரு கரப்பான் மீசையை ஆட்டி வரவேற்கும்.

"வாங்க, உங்க ஆளுங்க காத்திருக்காங்க" என்பாள் மனைவி.

அதையும் சிரித்தே சமாளிப்பார். மகளின் போன்தான் சிரிப்பை நிறுத்தியது. பேரனுக்கு எட்டு மாதம். தூரத்தில் இருப்பதால் இன்னும் அவனைத் தூக்கக் கொடுத்துவைக்கவில்லை.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றோம். இவன் தவழ்றான், கையில கிடைச்சதை எல்லாம் வாயில வைக்கிறான். கரப்பானைப் பாத்தா அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். மருந்து வாசனை வந்தாலும் அதே பஸ்தான்!"

மருந்துக்காரருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. இருந்தும் வேலையில் இறங்கினார். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றினார். குழாய் நுழையும் சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். குப்பைக் கூடைக்கு மூடி வந்தது. அடுப்புக்கு அடியில் படிந்த பிசுக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் இதைத்தானே சொல்றீங்க? நம்ம வீட்டு அட்ரஸ் மட்டும் தெரியலையா?" என்றாள் மனைவி.

கரப்பான்கள் குறைந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை, சிங்க்குக்கு அடியில் இரண்டு குட்டிக் கரப்பான்கள் ஓடின. பார்க்கக் குனிந்தவர், பழக்கதோஷத்தில் அங்கே செருகியிருந்த அட்டையை எடுத்து முழங்காலுக்கு அடியில் போட்டார். மடித்த தடித்த அட்டை அது. வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் அதன் மேல்தான் மண்டியிடுவார்.

"அந்த அட்டை எங்கெல்லாம் போகுது?" என்று கேட்டாள் மனைவி.

"நான் போற எடத்துக்கெல்லாம்."

"திரும்பி வரும்போது தனியாவா வருது?"

மருந்துக்காரர் அட்டையை மெல்லப் பிரித்தார். மடிப்புக்குள் அவரை விதை போல முட்டைக்கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்றிலிருந்து குஞ்சுகள் சிதறி ஓடின. மருந்துக்குத் தப்பியவை எல்லாம் இதில் ஏறி ஓசிப் பயணம் வந்திருக்கின்றன!

"இத்தனை வருஷமா நானே தூக்கிட்டு வந்திருக்கேன்டி!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். அட்டை கொதிக்கும் தண்ணீருக்குள் போனது. இனி மண்டியிட, கழுவக்கூடிய ரப்பர் பாய் ஒன்று வீட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் குழந்தையைக் கீழே விட்டாள். அவன் நேராகத் தவழ்ந்து போய், இன்னும் வேலைக்கே போகாத அந்தப் புதுப் பாயின் முனையைக் கடித்தான்.

"அப்பா!"

"மூணு தடவை கழுவிட்டேம்மா!" என்றபடி, பாயோடு சேர்த்துப் பேரனை வாரித் தூக்கினார் மருந்துக்காரர். அடுத்த பஸ் அதன் பாட்டுக்குப் போனது.

உங்கள் சிங்க்குக்கு அடியிலும் ஒரு பழைய அட்டை கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். பிறகு, மருந்து மேல் மருந்து அடித்துக் களைத்த யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.