காற்று போகும் பக்கம் நடந்தவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, டியூட்டி மாறும் நேரம். காய்ச்சல் அட்டையை அரைகுறையாக எழுதி வைத்திருந்த ஒரு நர்ஸை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். வார்டு வாசலில் சிக்கண்ணா வந்து நின்றார். மில்லில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம சார் ஹோக்பிட்டரு, சிஸ்டர்" என்றார். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவர் எப்போதும் பேசுவார். அவருக்கு 'நம்ம சார்' என்றால் ஒரே ஒருவர்தான். இருதயராஜ் போய்விட்டார். காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். திட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த நர்ஸ்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவரை அறிந்த உங்களுக்கு இந்த இரங்கல் குறிப்பில் நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மில்லின் பாய்லர் இன்ஜினியர். மாதா கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் ஒரு சொல் பின்னால் பாடுகிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறையை எட்டிப் பார்த்து, அடுப்பு சரியாக எரிகிறதா என்று விசாரிக்கிறவர். இன்ஜினியரைப் பற்றி எழுத ஒரு நர்ஸுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மில்லின் புகையைக் குறைக்க அவர் சேர்த்த குழுவில் நானும் ஒருத்தி. இரண்டு ஃபிட்டர்கள், படம் வரைகிற மேல்கோட்டை நரசிம்மன், சிக்கண்ணா, அப்புறம் நான். மில்லில் எங்களுக்குப் 'புகைக் கமிட்டி' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். அவர் அதையே நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார்.

சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. புகையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காலண்டர் படங்களில்கூட ஆலைகள் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டிருக்கும். நாடு முன்னேறுகிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் பெண்கள் காசநோய் வார்டின் ஜன்னல்களோ மில்லைப் பார்த்து இருந்தன. நல்ல காற்றுதான் பாதி மருந்து, ஜன்னலை மூடவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. திறந்தால் கரித்தூள் வந்து கஞ்சியில் விழும். மூடினால் நோயாளிகளுக்கு மூச்சு முட்டும். திறப்பதும் மூடுவதுமாகவே எங்கள் பொழுது போயிற்று.

ஒரு நாள் என் பொறுமை போய்விட்டது. வெளுத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று கறுத்துக் கிடந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். பாய்லர் இன்ஜினியர் யார் என்று விசாரித்து, அவர் மேஜை மேல் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எத்தனை மணிக்குக் காயப்போட்டது, சிஸ்டர்?"

"மணியா? உங்க புகைக்கு நான் மணி வேற பார்க்கணுமா?"

"பார்த்தா நல்லா இருக்கும். எந்த ஷிஃப்ட்டுல விழுதுன்னு தெரிஞ்சுடும்."

சண்டைக்கு வந்தவளிடம் வேலையைக் கொடுத்து அனுப்புகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். மறுநாளிலிருந்து ஷிஃப்ட்டுக்கு ஒரு விரிப்பு கட்டினோம். சனிக்கிழமைதோறும் குழு கூடும். மில்லில் அல்ல, எங்கள் ஆஸ்பத்திரியில் துணி காயும் இடத்தில். "பாய்லர் பக்கத்துல நின்னா நெருப்புதான் தெரியும். புகை விழற இடத்துல நின்னு பேசணும்" என்பது அவர் கட்சி. கொடியைச் சுற்றி ஐந்து ஆண்கள் கைகட்டி நின்று விரிப்புகளை உற்றுப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேட்டி எடுக்க வந்திருக்கிறார்களா என்று நோயாளிகள் ஜன்னல் வழியாகக் கேலி செய்வார்கள்.

சிக்கண்ணாவின் ஷிஃப்ட் விரிப்புதான் எல்லாவற்றிலும் கறுப்பு. மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. இருதயராஜ் அவர் தோளில் கை வைத்து, "கறுப்பா வர்றது புகை இல்ல சிக்கண்ணா, எரியாத கரி. நீங்க பாடுபட்டு அள்ளிப் போட்டதுல பாதி ஆகாசத்துக்குப் போகுது. எனக்கு அதுதான் வருத்தம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சிக்கண்ணா ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடப் பழகினார். விரிப்பு சற்று வெளுத்தது. ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைக்கும் அளவுக்கு இல்லை.

அதன் பிறகுதான் பெரிய புகைபோக்கி வந்தது. பழைய குட்டைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் புதிதாக ஒன்று கட்ட வேண்டும் என்று இருதயராஜ் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நரசிம்மன் படம் வரைந்தார். மில்லும் கட்டியது. புகையை அதில் திருப்பிவிட்ட வாரமே எங்கள் விரிப்புகள் பளிச்சென்று வெளுத்தன. ஜன்னல்களை அகலத் திறந்து கொக்கி மாட்டினேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம், யாரும் பார்க்கவில்லை. மில்லில் விழா வைத்து அவருக்கு மாலை போட்டார்கள். எங்கள் நோயாளிகளுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தவர் என்று நானும் மேடையேறிப் பேசினேன். எல்லோரும் கை தட்டும்போது அவர் மட்டும் அண்ணாந்து புகைபோக்கியின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நஞ்சப்பன் என்ற விவசாயி மல்பெரித் தழைக் கூடையோடு மில் மேனேஜர் முன்னால் போய் நின்றார். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று மில் முழுக்கப் பேச்சு. ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிழக்கே, ஊருக்கு வெளியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தார். கூடையிலிருந்த தழையெல்லாம் கரி. அதைத் தின்ற புழுக்கள் கூடு கட்டாமலே செத்துக்கொண்டிருந்தன. உயரத்தில் விட்ட புகை மேல்காற்றில் எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய் அவர் தோட்டத்தில் இறங்கியிருந்தது. இருதயராஜும் கூடவே நின்று, "என் கணக்கு தப்பு சார். நான் புகையைக் குறைக்கல, தூரமா அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டார். மாலை போட்ட கையோடு இதைக் கேட்க வேண்டியிருந்ததே என்று மேனேஜர் கொதித்துப் போனாராம். கடைசியில் சரிசெய்ய ஒப்புக்கொண்டாராம். நரசிம்மன் வந்து சொன்னார்.

பிறகு இருதயராஜ் என்னிடம் வந்தார். புகைபோக்கியின் அடியில் ஓர் அறை கட்டி, அதற்குள் தண்ணீரைத் தூவி, புகை மேலே ஏறும் முன்பே கரித்தூளைப் படிய வைக்க வேண்டும். அது முடிகிறவரை, இரண்டு மாதம், புகையைப் பழைய குட்டைப் புகைபோக்கியில்தான் விட முடியும். அதாவது எங்கள் ஜன்னல்களை மறுபடி மூட வேண்டும். மேலிடத்து உத்தரவை வாங்கிக்கொண்டு வந்து அவர் நீட்டியிருக்கலாம். என்னைக் கேட்க வந்தார். நான் முடியாது என்றேன்.

"அது புழு, சார். இங்க இருக்கிறது மனுஷங்க."

இன்று இதை எழுதக் கை கூசுகிறது. அன்று நியாயமாகத்தான் பட்டது. அவர் வாதாடவில்லை. "இந்த சனிக்கிழமை கூட்டம் நஞ்சப்பன் தோட்டத்துல. வாங்க சிஸ்டர். பார்த்த பிறகும் முடியாதுன்னா நான் வேற வழி தேடறேன்" என்றார்.

எல்லோரும் ஜட்கா வண்டியில் போனோம். நஞ்சப்பனின் மனைவி மாதம்மா தரையில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த மல்பெரித் தழையை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் அலசிப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். "ஈரத் தழை ஆகாதுங்கம்மா. தின்னா புழுவுக்கு நோவு வந்துருமுங்க. அதானுங்க தொடைக்கறேன்" என்றாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் கை நின்றது. "ஐயா சொன்னாருங்க. இப்ப அங்க இருக்கறவங்களுக்கு மூச்சு நல்லா வருதுங்களா?" என்று கேட்டாள். அவள் கையிலிருந்த துணி எங்கள் பழைய விரிப்புகளைப் போலவே கறுத்திருந்தது. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன். ஜட்காவில் ஏறும்போது, "நீங்க வேலையை ஆரம்பிங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

நோயாளிகளை அவர் அடைத்துப் போட விடவில்லை. புகை படாத தெற்கு மூலையில் குழுவே மூங்கில் நட்டுக் கொட்டகை போட்டது. கட்டில்களை அவர்களே தூக்கினார்கள். நடக்க மாட்டேன், கட்டிலோடு தூக்கினால்தான் வருவேன் என்று ஒருத்தி அடம்பிடித்தாள். சிக்கண்ணாவும் இருதயராஜும் அவளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மழையில் கொட்டகை ஒழுகியது. இரண்டு மாதம் என்றது மூன்றைத் தாண்டியது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் திட்டித் தீர்த்தேன். "திட்டுங்க சிஸ்டர், ஆனா விரிப்பு கட்டறதை நிறுத்தாதீங்க" என்பார்.

தண்ணீர் தூவும் அறையை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று புகை மேலே ஏறாமல் திரும்பிப் பாய்லர் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வார்டு வாசலில் வந்து நின்றவருக்குக் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. இந்தக் கோலத்தில் என் வார்டுக்குள் கால் வைத்தால் நடக்கிறதே வேறு என்றேன். வாசலிலேயே நின்று சிரித்தார். "ஏன் திரும்புதுன்னு தெரிஞ்சுபோச்சு சிஸ்டர். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். மறுபடி பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

கடைசியில் விரிப்பை இரண்டு இடத்தில் கட்டினோம். ஒன்று எங்கள் கொடியில், ஒன்று மாதம்மாவின் மல்பெரிக்கு நடுவில். இரண்டும் வெள்ளையாகவே இருந்த அன்று, சிக்கண்ணா தோட்டத்து விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். "ஹொகெ கம்மி ஆயித்து!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். புகை குறைந்துவிட்டதாம், ஊருக்கே சொன்னார். புகைபோக்கியில் கறுப்பு தெரியாததைப் பார்த்து, மில்லில் வேலைநிறுத்தமா என்று ஒரு வாரம் எல்லோரும் விசாரித்தார்கள். மாதம்மாவின் புழுக்கள் அடுத்த முறை கூடு கட்டின. என் ஜன்னல்கள் அன்று திறந்தவைதான், இன்றுவரை மூடவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பிடி மண் போட்டுக் கலைந்த பிறகு, நஞ்சப்பன் மட்டும் துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "நீங்க அன்னிக்குக் கூடையோட வந்து சொன்னதாலதான் எல்லாம் சரியாச்சு" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நாங்க எங்கீங்கம்மா வந்தோம்? அவருதானுங்க வந்தாரு. மாலை போட்டாங்களே, அன்னிக்குச் சாயங்காலமே. காத்து போற பக்கமாவே நடந்து வந்தேன்னாரு. தழையைப் புடிச்சுப் பார்த்தாரு. விரலெல்லாம் கறுப்பு. 'இது என்னோடதுங்க'ன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. சாமி குத்தம்னு நெனச்சு நாங்க மாதேஸ்வரனுக்கு முடி நேர்ந்திருந்தோம்."

"அப்புறம் நீங்க ஏன் மில்லுக்கு வந்தீங்க?"

"எனக்கு பயந்தானுங்க. அவருதான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனாரு. 'நான் மட்டும் போனா, பாதி வழியில எனக்கே மனசு மாறிடும். நீங்க கூட வந்துட்டா நான் மாத்திச் சொல்ல முடியாது'ன்னாரு."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. குற்றம் என்று ஒருவர் சொன்னதும் மறைக்காமல் ஒத்துக்கொண்டவர் என்றுதான் இத்தனை வருடமும் அவரைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தேன். ஒருவருமே சொல்லவில்லை. ஊரே கை தட்டிய நாளில் அவராகவே தேடிப் போயிருக்கிறார். தன்னை நம்பாமல் ஒரு சாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நல்லவர் என்று நான் நினைத்ததைவிட நல்லவராக இருந்திருக்கிறார். அவர் இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் ஒரு நாளாவது திட்டாமல் இருந்திருப்பேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடைதான். எங்கள் ஆஸ்பத்திரியில் போன மாதம் சமையலறையைப் பின்பக்கத்துக்கு மாற்றினோம். வார்டுக்குள் இப்போது புகையே வருவதில்லை. யோசனை என்னுடையது, எல்லோரும் பாராட்டினார்கள். நேற்று டியூட்டி முடிந்ததும் பின் கேட்டைத் திறந்துகொண்டு காற்று போகும் பக்கம் நடந்தேன். மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், அன்று என்னிடம் திட்டு வாங்கிய நர்ஸையும் கூட்டிக்கொண்டேன். முதல் வீட்டின் கதவைத் தட்டினேன். ஒரு பெண் வந்து திறந்தாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வர்றேம்மா. எங்க புகை உங்க வீட்டுக்குள்ள வருதா?" என்று கேட்டேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ளே வாங்க" என்றாள்.