கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

போன சனிக்கிழமை காலை, நெய்வேலியில் ஒரு மேடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அதுவும் பிரெஞ்சில்!

என் பள்ளிக்கூடத்து பிரெஞ்சு டீச்சர் ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு அன்று பிரிவு உபசார விழா. முப்பத்தோரு வருட சர்வீஸ். கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் கடைசிப் பேச்சை எழுதி, வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். ஹால் நிறைய அவருடைய பழைய மாணவர்கள், மைக்கும் கிடையாது. நான் சொதப்பினால் மிஸ் விடைபெறுவதே சொதப்பிவிடும்...

தொண்டை போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது பிரெஞ்சு ஓரல் டெஸ்ட்டில் பாதி வகுப்பு ஃபெயில். நானும்தான். பதில் தெரியாமல் இல்லை. தேர்வு வைக்க வெளியூரிலிருந்து வந்தவரின் காதில் நாங்கள் பேசியது விழவே இல்லை!

ஏன்? எங்கள் ஊர் அப்பாக்கள் நைட் ஷிஃப்ட் முடித்துவந்து பகலில் தூங்குகிறவர்கள். என் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வீடு ஒற்றை அறை. அங்கே பிரெஞ்சு படித்தால் உதடு மட்டும்தான் அசையும். குசுகுசுவென்று படித்தால் குசுகுசுவென்றுதானே வாயில் வரும்?

மிஸ் திட்டவில்லை. "இந்த வாரம் யார் யார் வீட்டுல நைட் ஷிஃப்ட்?" என்று மட்டும் கேட்டார். முக்கால் வகுப்பு கையைத் தூக்கியது.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் மைதானம். இந்தக் கோல் போஸ்ட்டில் மிஸ், அந்தக் கோல் போஸ்ட்டில் நாங்கள். அவர் கத்திக் கேள்வி கேட்பார். நாங்கள் கத்திப் பதில் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் காதருகே கையைக் குவிப்பார். சைக்கிளில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"இன்னாங்க டீச்சர், புள்ளைங்களோட சண்டையா?"

"இல்லீங்க, பாடம்!" — அதே சத்தத்தில் பதில் போகும்.

எங்கள் பேட்ச்சோடு நிற்கவில்லை. போன மாதம் வரை அந்த மைதானத்தில் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

மேடைக்கு வருகிறேன். முதல் இரண்டு வரி வாசித்தேன்... அதே பழைய குசுகுசு! முன்வரிசையில் மிஸ்ஸின் கை மெல்ல எழுந்தது. காதருகே குவிந்தது.

அவ்வளவுதான். எதிரே கோல் போஸ்ட் இருப்பதாக நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் வாசித்துத் தள்ளினேன். கடைசியில் மிஸ் இப்படி எழுதியிருந்தார்: 'வீட்டில் தூங்குகிறவர்களுக்காகக் குரலை அடக்கிக்கொண்ட பிள்ளைகள் நீங்கள். அது அன்பு. ஆனால் வெளியில், கேட்க வேண்டியதைச் சத்தமாகக் கேளுங்கள்.'

ஹாலே எழுந்து கைதட்டியது. யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

கடைசி வரிசையில் என் அப்பா. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். நான் கீழே இறங்கிப் போனதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா அந்தக் கத்து கத்திக்கினு இருந்த? தூக்கமே போச்சு!"

பக்கத்தில் வந்து நின்ற மிஸ் டாக்டர் உத்தரவை மீறினார். ஒரே ஒரு வார்த்தை.

"பாஸ்!"

குசுகுசுவென்றுதான் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.