தனியாகக் கேட்காத குரல்

பாட்டுக் குழுவில் அவளுக்கு ‘அடிக்குரல்’ என்று பேர். கூட்டமாக நின்று பாடும்போது கடைசி வரிசையில் இடது ஓரம் அவள் இடம். பக்கத்தில் பூக்கடைக்காரி. இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. நீளமான அடி வந்தால் இவள் மூச்சு வாங்கும்போது அவள் பாடுவாள், அவள் வாங்கும்போது இவள் பாடுவாள். கேட்கிறவர் காதில் பாட்டு அறுபடவே கூடாது. பயிற்சி நேரத்தில் பாட்டு வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு வரிசைக்குள் நடப்பார். எவர் குரலாவது துருத்திக்கொண்டு நின்றால் தோளில் ஒரு தட்டு. தட்டாமல் தாண்டிப் போய், “இன்னிக்கு உன் குரல் தனியாக் கேட்கவே இல்லம்மா” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. அன்றைக்கு அடிக்குரல் கால் தரையில் பாவாமல் வீடு போய்ச் சேருவாள்.

பிறந்த வீட்டு வழியும் அப்படித்தான். அவள் அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். எனக்கு இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கத் தெரிந்தவள் அதில் கடைசி அத்தை ஒருத்திதான். அவளுக்கும் வாயாடி என்று பேர் வைத்துத் தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அடிக்குரல் ஒரு மரச்சாமான் கம்பெனியில் வருகிற போனெல்லாம் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தவள். போன வருஷம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் ஒருவர் சம்பளத்தில் வண்டி நகரவில்லை. அதிலிருந்து அவள் பாடு ஓட்டம்தான். ஒரு இன்டர்வியூவுக்காகக் கச்சேரியை விட்டாள், வாத்தியார் முகம் சுருங்கியது. ஒரு கச்சேரிக்காக நாத்தனாரின் பிள்ளையைப் பார்க்கப் போகாமல் இருந்தாள், நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் அண்ணி போனில் ஒரே போடாகப் போட்டாள். “இந்தத் தடவையும் வேலை கிடைக்கலேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்துடுங்க. உங்கண்ணன் கடையில கல்லாவுல நீ உட்காரு. நாங்களே நேர்ல வந்து பேசுறோம்.” வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டார். அண்ணி கண்ணுக்குக் கீழே காலம் முழுக்க! பாட்டுக்கும் அன்றோடு முழுக்கு.

விதி செய்த வேலை, மூன்றும் ஒரே நாளில் வந்து நின்றன. காலையில் இன்டர்வியூ, மத்தியானம் அண்ணனும் அண்ணியும், சாயங்காலம் ஆஸ்பத்திரி மண்டபத்தில் கச்சேரி.

தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஜனங்கள் போன் செய்கிற அலுவலகம் அது. அங்கே போன் எடுக்கிற பிரிவைக் கவனிக்க ஆள் தேடினார்கள். நாலு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, “பெரிய குழாய் வெடிச்சிருச்சு, தெருவெல்லாம் தண்ணி. என்ன செய்வீங்க? நீங்களே கலந்து பேசுங்க” என்றார்கள். எதிரே கண்ணாடி போட்ட மேலாளரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டை கட்டிய ஒருவர் மடமடவென்று ஆரம்பித்தார். நடுவில் வார்த்தை கிடைக்காமல் திணறினார். அடிக்குரல் சட்டென்று அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டு ஓடினார். இன்னொரு பெண்ணுக்கு மூச்சு முட்டியபோது அவள் வாக்கியத்தை இவள் முடித்துவைத்தாள். பேச்சு ஓர் இடத்திலும் அறுபடவில்லை. அவளுக்கே உள்ளுக்குள் குளிர்ந்தது.

முடிந்ததும் மேலாளரம்மா அவளைப் பார்த்தார். “நீங்க சும்மா இருந்தீங்கன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க குரல் தனியாக் கேட்கவே இல்லையேம்மா?”

அடிக்குரல் முகமெல்லாம் பல்லாக, “ரொம்ப நன்றிங்க!” என்றாள்.

டைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை துடைத்தார். பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நன்றின்னா சொன்னே? அடிப்பாவி!”

அண்ணி சிரிக்கவில்லை. “இதுல என்ன இளிப்பு உங்களுக்கு? ஏண்டி, போன்ல ஊருக்கே பதில் சொன்ன வாய் அங்க எங்க போச்சு? நான் நெனச்சது வேற, நீங்க சொன்னது வேறன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றதுக்கென்ன?”

“போனது போச்சு அண்ணி.”

“போனை எடு. உனக்கு அதுதானே தொழிலே?”

எடுத்தாள். மேலாளரம்மா லைனில் வந்ததும் பாட்டுக் குழு, வாத்தியார், தோளில் தட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளரம்மா கேட்டார். “சரிம்மா, உங்க யோசனைன்னு ஒண்ணு இருந்திருக்குமே. அதை ஏன் காலையில சொல்லலை?”

“சொன்னேங்க. டைக்காரர் வாயில சொன்னேன்.”

மேலாளரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார். “பிரிவை அவர்கிட்டதான் குடுத்திருக்கோம், அதுல மாத்தமில்ல. அவர் பக்கத்துல உட்கார ஒரு ஆள் வேணும். சம்பளம் கொஞ்சம் கம்மி. சாயங்கால ஷிப்டும் உண்டு.”

அண்ணி கைச்சாடையில், சரின்னு சொல்லு என்றாள். அடிக்குரல் தொண்டையைக் கனைத்தாள்.

“வரேங்க. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு வேணும். அன்னிக்குப் பயிற்சி.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. ‘பரவாயில்லீங்க, வியாழனும் வரேன்’ என்று அந்த இடத்தை நிரப்ப அவள் நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது.

“சரி. திங்கட்கிழமை வந்துடுங்க.”

போனை வைத்ததும் வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். அண்ணன் தங்கை தலையில் செல்லமாகக் குட்டினான். அண்ணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன அண்ணி, நீங்கதானே பேசச் சொன்னீங்க?”

“சொன்னேன், சொன்னேன். யாரு இல்லேன்னா? மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன் உங்களுக்குன்னு. உங்கண்ணன் கடைக்குப் போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட பேசுவேன்? செவுத்தோடயா?”

அடிக்குரலுக்கு இது புதுச் சேதி. இத்தனை வருஷம் அதட்டலை மட்டும்தான் கேட்டிருந்தாள். போய் அண்ணி தோளைத் தொட்டாள்.

“ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க அண்ணி. சாயங்காலம் கச்சேரிக்கும் வாங்க. அண்ணன் வேணும்னா முன்னாடி போகட்டும்.”

“ஒரு வாரத்துக்கு நான் மாத்துத்துணி எடுத்துட்டு வரலியே.”

“என் துணியைக் கட்டுங்க.”

“உன் துணி எனக்கு எங்க பத்தும்?” என்று அண்ணி மூக்கை உறிஞ்சினாள். இருக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.